கரண்ட் கம்பியும் கண்மாய்ச் சத்தமும்

பிழைப்புக்கு நான் செய்கிற வேலை கரண்ட் கம்பிகளை அழிப்பது. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் படம் திருத்துகிறேன். கோபுரத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். குறுக்கே நாலு கம்பி போகும், மண்டபத்து மேல் ஒரு டிஷ் இருக்கும், ஓரத்தில் பாதி உடம்போடு ஒரு ஆட்டோ நிற்கும். ஒருவர் வீட்டுச் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்கப்போகிற கோபுரம் அப்படி இருக்கலாமா? பக்கத்து வானத்தைக் கொஞ்சம் எடுத்துக் கம்பி மேல் பூசுவேன். முடித்த பிறகு அங்கே கம்பி இருந்தது என்று சொன்னால் போட்டோ எடுத்தவரே நம்பமாட்டார். பதினான்கு வருஷமாக இதே வேலை. எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமிக்கு முன்னால் கம்பிதான் கண்ணில் படுகிறது. மனசுக்குள்ளேயே அழித்தும் விடுகிறேன்.

இந்தக் கையோடுதான் சத்தம் பதியக் கற்றுக்கொள்ளப் போனேன். இரண்டரை வருஷம் ஆகிறது. இன்னும் கற்றுக்குட்டிதான்.

தொடங்கியது ஒரு ஐப்பசி ராத்திரி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. நல்ல மழை பெய்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அன்று அதில் தவளைகள் கச்சேரி வைத்துக்கொண்டிருந்தன. தூக்கம் வராத என் மகள் "எத்தனை தவளைப்பா இருக்கும்?" என்று கேட்டாள். மாடிக்குப் போய்ச் செல்போனில் பத்து நிமிஷம் பதிந்தேன். காலையில் போட்டுப் பார்த்தால், முதல் சில விநாடிகள் தவளை இருக்கிறது, பிறகு யாரோ கதவைச் சாத்தியது மாதிரி அடங்குகிறது, நான் இருமினதும் மறுபடி எட்டிப் பார்க்கிறது. போனில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். கோளாறு இல்லை. போன் மனிதர் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மாறாமல் நீடித்து ஒலிக்கிற எதையும் அது மின்விசிறி இரைச்சல் மாதிரி எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். சத்தம் குறைந்தால் தானே தூக்கிவிடும், கூடினால் தானே குறைக்கும். அதாவது அதற்குள்ளேயே ஒரு கம்பி அழிக்கிறவன் உட்கார்ந்திருக்கிறான். தவளை அவனுக்குக் கம்பி.

அதற்குப் பிறகுதான் ரெக்கார்டர் தேடினேன். கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் புதிதாக வாங்கிவிட்டுப் பழையதை விற்றார். கைக்கு அடக்கமான மெஷின், மேலே இரண்டு மைக் குறுக்காக நிற்கும், அடியில் இரண்டு பேட்டரி. ஹெட்போன் தனியாக வாங்க வேண்டியிருந்தது. ஹெட்போன் இல்லாமல் பதிவது கண்ணை மூடிக்கொண்டு படம் எடுப்பது மாதிரி என்று அந்த வீடியோக்காரர் சொன்னார். ஹெட்போன் விலை சொன்னபோது என் வீட்டுக்காரி சொன்னதை இங்கே எழுத முடியாது.

முதல் பதிவு என்னவாக இருக்கும்? சிவகாசிக்காரன் வேறு என்ன பதிவான், வெடிதான். தெருவில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குச் சரம் போட்டார்கள். மாடியில் மெஷினை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்பா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, இமைகூடத் தட்டாமல் வேடிக்கை பார்த்தார். அவர் நாற்பது வருஷம் பட்டாசு ஆபீஸில் இருந்தவர். எங்கள் ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். சரக்கு வெளியே போகுமுன் மாதிரிக்கு வெடித்துப் பார்க்கிற வேலை கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவருடையது. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அளக்கிற மெஷின் வருவதற்கு முன்னால் அப்பா காதாலேயே சொல்லிவிடுவாராம்.

என் பதிவு பாழ். கணினியில் திறந்தால் அலைகளின் தலையெல்லாம் கத்தியால் சீவின மாதிரித் தட்டையாக இருந்தன. கேட்டால் வெடி இல்லை, தகர டப்பாவைக் கல்லில் தேய்க்கிற சத்தம். டிஜிட்டலில் பூஜ்யம்தான் கூரை. அதற்கு மேல் போகிற எதுவும் பதிவாகாது, வெட்டுப்படும். வெட்டுப்பட்டது திரும்ப வராது. இது எனக்குப் படத்தில் பழகின விஷயம்தான். வெயிலில் வெளுத்துப்போன வானத்தில் மேகத்தைத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் படத்தில் தெரிந்தது காதில் உறைக்க ஒரு சரம் செலவானது. இப்போது மிக உரத்த சத்தமும் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி அளவைக் குறைத்து வைத்துவிடுகிறேன். 24 பிட்டில், அதாவது சத்தத்தின் அளவை இன்னும் நுணுக்கமாக எழுதுகிற முறையில், பதிந்தால் இப்படிக் குறைத்துப் பதிந்து பிறகு வீட்டில் உயர்த்திக்கொள்ளலாம். 16 பிட்டுக்குக் கூரையிலிருந்து தரை வரை 96 டெசிபல்தான் இடம், 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. இப்போது வருகிற சில மெஷின்களில் 32 பிட் ஃப்ளோட் என்று ஒன்று இருக்கிறது. அதில் அளவைத் தப்பாக வைத்திருந்தாலும் பெரும்பாலும் பிறகு மீட்டுவிடலாமாம். என்னிடம் இல்லை. இருந்திருந்தால் இந்தப் பாடத்தைக் கற்றிருக்கவும் மாட்டேன்.

அப்புறம் காற்று. இதில்தான் எல்லாப் புது ஆட்களும் அழுவார்கள். நமக்கு முகத்தில் சுகமாகப் படுகிற காற்று மைக்குக்கு லாரி. காற்று மைக்கின் மேல் மோதிச் சுழன்று அந்தச் சின்னத் தகட்டை நேரடியாகத் தள்ளுகிறது, அந்தத் தள்ளல்தான் 'புர்ர்' என்று பதிவாகிறது. மரத்தில் காற்று அடிக்கிற ஓசை வேறு, இது வேறு. இதற்கு மருந்து ரோமம். மைக்கைச் சுற்றி நீளமான செயற்கை முடி வைத்த துணியால் உறை போட்டால், காற்று முடிக்குள் புகுந்து வேகம் இழந்துவிடும், ஒலி மட்டும் உள்ளே போகும். கடையில் விற்கிற உறை என் சக்திக்கு மேல். பொம்மைக்குப் போடுகிற துணியை மதுரையில் கால் மீட்டர் வாங்கி, எங்கள் தெரு டெய்லரிடம் கொடுத்தேன். அளவெடுத்துவிட்டு, "அண்ணே, இது பெருச்சாளிக்குச் சட்டையாண்ணே?" என்றார். அருமையாகத் தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பெருச்சாளி யார் என்று தெரிகிற வரைக்கும் வாங்கமாட்டாராம்.

காற்றை அடக்கியதும் அடுத்த எதிரி தெரிய வந்தான். நான். ஒரு விடியலில் ஊருணிக் கரையில் இருபது நிமிஷம் அசையாமல் நின்று பதிந்தேன். கேட்டால் சட்டை உரசுகிறது, விரல் மெஷினில் நகர்கிறது, மூக்கு சீறுகிறது, மூன்று இடத்தில் வயிறு பேசுகிறது. நான் மூச்சுவிடுவது இவ்வளவு சத்தம் என்று கல்யாணமாகிப் பத்து வருஷம் கூடவே படுக்கிறவள் சொன்னபோது நம்பவில்லை. அன்றிலிருந்து மெஷினை மரத்தில் கட்டிவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். இதிலும் ஒரு கண்டம் உண்டு. ஒருமுறை கட்டின கிளையில் கட்டெறும்புச் சாரி. ரோமத்துக்குள் எறும்பு நடக்கிற சத்தம் ஹெட்போனில் கேட்டால் யாரோ காதுக்குள் வைக்கோல் பிரிக்கிற மாதிரி இருக்கும். சத்தியமாக அது ஒரு நல்ல பதிவு. நான் தேடிப் போனது அதை இல்லை, அவ்வளவுதான்.

இப்படி ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்குத் தெம்பு கொடுத்தது ஒரு பழைய பதிவு. இன்று கிடைக்கிற பறவைக் குரல் பதிவுகளில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது 1889இல் பதிந்தது. பதிந்தவன் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுப் பையன். அப்பா வாங்கிக் கொடுத்த எடிசன் கருவியில் மெழுகு உருளை மேல் பதிந்திருக்கிறான். அவன் வீட்டுக் கூண்டில் இருந்த அந்தப் பறவை ஷாமா. ஐரோப்பாவில் இல்லாத பறவை, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பாடுகிற சாதி. இரைச்சல் காட்டுக்குள் குரல் தொலைவில் கேட்கிறது. தரம் பார்த்தால் என் தவளைகள் தேவலை. ஆனால் அந்தப் பையன் பிற்காலத்தில் இங்கிலாந்துக்குப் போய் வானொலியில் பறவைக் குரல்களுக்கென்றே பேர்போனவரானார். நான் நாற்பதில் தொடங்கியிருக்கிறேன், என் கதை வேறு.

ஃபைல்களுக்குப் பெயர் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெஷின் தானாக 1, 2, 3 என்று வைத்துவிடும். நூறு ஃபைல் சேர்ந்ததும் எது ஊருணி, எது மொட்டை மாடி என்று தெரியாது. இப்போது ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் நானே பேசிவிடுகிறேன்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடம், மைக் எந்தத் திசை, காற்று இருந்ததா. எழுதும்போது இன்னொரு சிக்கல். எல்லாவற்றுக்கும் 'சத்தம்' என்றே போட்டால் தேடிக் கிடைக்காது. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒலி மரபு கைகொடுத்தது. மயில் அகவும், குயில் கூவும், ஆந்தை அலறும், கூகை குழறும், காகம் கரையும், வண்டு முரலும். பரீட்சைக்குப் பிறகு இதற்கு எந்த உபயோகமும் கிடையாது என்று நினைத்திருந்தேன். முதன்முதலாக ஹெட்போனில் கூகையைக் கேட்டபோது, 'குழறும்' என்று எழுதினவர் நிச்சயம் ராத்திரியில் வெளியே நின்றிருக்கிறார் என்று புரிந்தது. அலறுவதும் குழறுவதும் வேறுதான். ஆனால் அந்தப் பட்டியலில் தவளைக்குக் 'கத்தும்' என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தவளை கத்துகிற விதத்துக்கு ஏழெட்டுச் சொல்லாவது வேண்டும். என் ஃபைல்களில் 'கொறட்டுத் தவளை', 'கட்டில் கால் தவளை' என்றெல்லாம் இருக்கிறது, யாரும் சிரிக்க வேண்டாம்.

திருத்துவதற்கு ஆடாசிட்டி. 2000இல் வெளிவந்த மென்பொருள், இன்றும் இலவசம், என் பழைய கணினியிலும் ஓடுகிறது. அதில் ஒருநாள் அலை வடிவத்துக்குப் பதிலாக ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தட்டினேன். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. சத்தம் படமாக விரிந்து கிடந்தது. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகத் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி, எங்கே பிரகாசமோ அங்கே சத்தம் அதிகம். சுவர்க்கோழிகள் மேலே நாலைந்தாயிரம் ஹெர்ட்ஸில் ஜரிகைக் கரை மாதிரி ஓடுகின்றன. குயில் ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி ஏறுகிறது, ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அடியில் இரண்டு நேர்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. அது தெருமுனை டிரான்ஸ்பார்மர். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் போய்வரும். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கிற இரும்பு இரண்டு முறை விறைத்துத் தளர்வதால் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் வரும், அதன் மடங்குகளிலும் வரும். அமெரிக்காவில் மின்சாரம் 60, கோடு 120இல் இருக்கும். 50 தேசத்தில் பதிந்ததா, 60 தேசத்தில் பதிந்ததா என்று அந்தக் கோட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

கோடு என்றால் கம்பி. கம்பி என்றால் என் கை சும்மா இருக்குமா?

அழித்தேன். டிரான்ஸ்பார்மரை அழித்தேன், புல்லட் வண்டியை அழித்தேன், ஹாரனை அழித்தேன். ஹாரனைப் படத்திலிருந்து வெட்டி எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு ஓட்டை கேட்டது. கேட்கிறவருக்கு அரை விநாடி காது அடைத்துத் திறந்த மாதிரி. சரி, பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் பூசுவோம் என்று, நாலு விநாடி முன்னால் இருந்த துண்டை நகலெடுத்து ஓட்டையில் ஒட்டி, இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று கரைத்துவிட்டேன். நானே மெச்சிக்கொண்டேன். மகளிடம் போட்டுக் காட்டினால் ஒருமுறைதான் கேட்டாள். "அப்பா, அந்தக் கிளி அப்படியே ரெண்டு தடவ கத்துது." தொழிலில் இதை நாங்கள் தினமும் திட்டுவோம், ஒரே மேகம் வானத்தில் இரண்டு இடத்தில் இருந்தால் புதுப் பையன் வேலை என்று. இரைச்சல் நீக்குகிற வசதியிலும் இதே கதைதான். வெறும் இரைச்சல் உள்ள ஒரு துண்டைக் காட்டி, இதை எல்லா இடத்திலிருந்தும் எடு என்றால் எடுக்கும். பேராசைப்பட்டு அதிகமாக எடுக்கச் சொன்னால், மிஞ்சின சத்தமெல்லாம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிணுகிணுக்கும். என் தவளைகள் எல்லாம் ரோபோ ஆகிவிட்டன.

இதில் எல்லாம் கை கொஞ்சம் பழகின பிறகுதான் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போனேன்.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அறிவித்தது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய், மொத்தம் 38 ஹெக்டேருக்குச் சற்று மேல். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் வந்து உள்ளே நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டும். தண்ணீர் இல்லாத வருஷம் வராது. அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வதை வருஷா வருஷம் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ரெக்கார்டர் வாங்கின பிறகுதான் அது ஒரு சத்தமாகத் தோன்றியது. தீபாவளி ராத்திரியில் வெடி போடாத ஊர் எப்படி ஒலிக்கும்?

அச்சகத்தில் லீவு வாங்கியதைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து மார்கழி வரைக்கும் காலண்டர்காரனுக்குத் தலைக்கு மேல் வேலை. வீட்டில் அதைவிட மோசம். ஊர் முழுக்க வருஷம் பூராவும் வேலை பார்ப்பதே இந்த ஒரு நாளுக்காக, அந்த நாளில் வெடி இல்லாத ஊருக்குப் பஸ் ஏறுகிறவனை என்னவென்று சொல்வது? அம்மா சட்டியில் இருந்து கண்ணை எடுக்காமல், "அதிரசத்தையாவது எடுத்துட்டுப் போ" என்றாள். எடுத்துக்கொண்டு போனேன்.

மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த வருஷம் முன்கூட்டியே மழை. கண்மாய் நிறைந்திருந்தது. பறவைகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. வனக் காவலரிடம் விஷயத்தைச் சொன்னேன். கரைக்கு உள்ளே இறங்கக்கூடாது, ராத்திரி டார்ச் அடிக்கக்கூடாது என்றார். கரைக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் வேப்பமரம் இருந்தது. வீட்டு ஆத்தாவிடம் கேட்டுவிட்டு அதில் மெஷினைக் கட்டினேன். அவர் எழுபது வயதுக்கு மேல் இருப்பார், வெற்றிலை இடித்துக்கொண்டே பார்த்திருந்தார்.

"ஏன்யா, பூனையக் கொண்டாந்து மரத்துல கட்டுற?"

"பூனை இல்ல ஆத்தா. சத்தம் பிடிக்கிற மெஷின். அது மேல போட்டிருக்கிற சட்டை."

"இங்க என்ன சத்தத்தப் புடிக்கப் போற?"

"தீபாவளிக்கு வெடி போடாத சத்தத்தை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்த ஊரு நீயி?"

"சிவகாசி."

அதற்கு அவர் சிரித்த சிரிப்பு பதிவில் இருக்கிறது. அளவு மைனஸ் 6 வரைக்கும் போய்விட்டது. "நல்ல ஆளத்தான் அனுப்பியிருக்காக" என்றார். பிள்ளைகள் வெடி கேட்டு அழாதா என்று கேட்டேன். அழத்தான் செய்யும், ரொம்ப அழுதால் மாமன் வீட்டுக்குப் போய்ப் போட்டுவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்களாம். ஏன் போடுவதில்லை என்று நான் கேட்கவே இல்லை, அவரே சொன்னார்: "பேறுகாலத்துக்கு வந்த புள்ள படுத்திருக்க வீட்டுல வெடி போடுவாகளாய்யா?"

அம்மா கொடுத்த அதிரசத்தை அவரிடம் கொடுத்தேன். பாகு பதம் ஒரு நூல் கூடிப்போச்சு என்றார். வாங்கிக்கொண்டார்.

ஐந்தே முக்கால் மணிக்குப் பறவைகள் திரும்பின. நான் பெரிய கூச்சலை எதிர்பார்த்திருந்தேன். வளர்ந்த நாரைக்குக் குரல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. குரல் எழுப்புகிற தசை அதற்குச் சரியாக இல்லை. அலகை அலகில் தட்டித்தான் பேசும். குஞ்சுகள்தான் கத்தும், அவை பொரிக்க இன்னும் நாள் இருந்தது. ஆகவே முதலில் கேட்டது இறக்கைதான். தலைக்கு மேல் வந்து இறங்கும்போது புதுப் புடவையை உதறுகிற மாதிரி ஒரு ஓசை. பிறகு மரத்தில் இடம் பிடிக்கிற சண்டை, அலகு தட்டல், கொக்குகளின் கரகரப்பு, ஒரு கிளை முறிந்து தண்ணீரில் விழுந்தது. தள்ளிக் கலுங்கில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் தீபாவளிக்கு டிவியில் போட்ட புதுப்படம். கதாநாயகன் யாரையோ அடித்துக்கொண்டே இருந்தான். கைக்கு உடனே அரிப்பு. இதை அப்புறம் அழித்துவிடலாம் என்று குறித்துக்கொண்டேன்.

வெடிக்கு அரசு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. காது கண்ட நேரம் விடிகாலை நாலு முதல் நடுராத்திரி வரை. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அடிவானத்தில் ஒரு பச்சை வெளிச்சம் பூத்து அணைந்தது. சத்தம் இல்லை. நான் எண்ணத் தொடங்கினேன். இருபத்து மூன்று எண்ணினதும் ஹெட்போனில் 'தொம்' என்று வந்தது. கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டையை இறக்கின மாதிரி. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும், அப்படியென்றால் எட்டுக் கிலோமீட்டர். ஒரு வெடியில் சுளீர் என்று அறைகிற உயர்ந்த சுருதியெல்லாம் வழியில் காற்றே உறிஞ்சிவிடும். அடிச்சுருதி மட்டும் சேதாரமில்லாமல் வந்து சேரும். ராத்திரியில் தரைப்பக்கம் காற்று குளிர்ந்து மேலே வெதுவெதுப்பாக இருந்தால் மேலே போகிற சத்தமும் வளைந்து கீழேயே திரும்பிவிடும், இன்னும் தூரம் போகும். எட்டு மணிக்குள் சுற்றிலும் எல்லாத் திசையிலிருந்தும் தொம், தொம். ஊருக்குள்ளே ஒரு குருவி வெடிகூட இல்லை. ஆத்தா வாசலில் உட்கார்ந்து, "இன்னைக்கு மேக்கால நெறைய" என்றார், மழையைச் சொல்கிற மாதிரி.

மெஷினை விடியும் வரை ஓடவிட்டேன். 24 பிட், விநாடிக்கு 48,000 சாம்பிள், இரண்டு மைக் என்றால் மணிக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல். பதின்மூன்று ஜிபிக்கு மேல் சேர்ந்தது. பதின்மூன்று மணி நேரம் பதிந்ததைக் கேட்கப் பதின்மூன்று மணி நேரம் வேண்டும் என்பதை யாரும் முன்னாடியே சொல்வதில்லை.

ஊருக்கு வந்து ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஆறு நிமிஷமாகச் சுருக்கினேன். இறக்கை, அலகு, கலுங்கு, பிறகு சுவர்க்கோழி, வக்காவின் ஒற்றைக் குரல், விடியலில் கிளம்புகிற கூட்டம். சினிமாச் சண்டை போய்விட்டது. அந்தத் தொம் மட்டும் அடியில் முட்டிக்கொண்டே இருந்தது. அதை எடுப்பது சுலபம். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டு என்றால் போதும், பறவைகளுக்கு ஒரு சேதமும் இல்லை. காற்றின் உறுமலுக்காக எல்லாப் பதிவிலும் அடியில் கொஞ்சம் வெட்டுவது வழக்கம்தானே, இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வெட்டினேன். ஐந்து விநாடி வேலை. அமைதி அப்படி ஒரு சுத்தம். காலண்டரில் போடலாம்.

இரண்டு மூன்று நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எதுவோ இடித்தது. கிளி இரண்டு தடவை கத்துகிற மாதிரித் தப்பு எதுவும் இல்லை. அப்புறம்தான் பட்டது. இது எந்தக் கண்மாய்க் கரையிலும், எந்த ராத்திரியிலும் பதிந்திருக்கலாம். அது தீபாவளி என்பதற்கு ஆறு நிமிஷத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தத் தொம்தான். சுற்றி எல்லா ஊரும் போடுகிறது, இந்த ஊர் போடவில்லை. முதல் பாதியை அழித்தால் இரண்டாவது பாதிக்கு அர்த்தமே இல்லை. அந்த நேரத்தில் வெட்கமாகத்தான் இருந்தது, பதினான்கு வருஷத்துக் கை கேட்காமலே வேலை செய்துவிட்டது. வெட்டாத பதிப்பையும் சேமித்தேன். எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்காமல் இரண்டும் கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, "அந்த ஊர்ச் சத்தத்தப் போடு, கேப்போம்" என்றார். அப்பாவுக்குக் காது மந்தம். மருத்துவர் வரைந்து கொடுத்த தாளில் கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்திருக்கும், வயது சேர்ந்து அதற்கு மேலேயும் ஒன்றும் இல்லை. வெடிச் சத்தத்தில் வருஷக்கணக்காக இருந்தவர்களுக்கு அந்த இடம்தான் முதலில் போகுமாம். பேத்தி பேசுவது பாதி புரியாது, லாரி வருவது நன்றாகக் கேட்கும். தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். சுத்தமான பதிப்பைத்தான் போட்டேன், சுவர்க்கோழி வருகிற பகுதியிலிருந்து. ஒரு நிமிஷம் பொறுமையாக இருந்தார்.

"ஓடுதா?" என்றார்.

"ஓடுதுப்பா."

"ஒண்ணும் கேக்கலையே."

அதே இடத்திலிருந்து மற்றதைப் போட்டேன். பத்து விநாடியில் கையைத் தூக்கினார், நிறுத்தாதே என்பது மாதிரி. கண்ணை மூடிக்கொண்டார். "தூரத்துல போடுறான்." கொஞ்சம் கழித்து, "இது தரை வெடி. பெருசு." அடுத்ததற்கு விரலை மேலே காட்டினார், "இது வானத்துக்குப் போயி." திரையில் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இரண்டும் ஒரே மேடாகத்தான் தெரிந்தது. நடுவில் 'குவாக்' என்று வக்கா ஒருமுறை கூப்பிட்டது. அது தாழ்ந்த குரல்தான். அப்பா கண்ணைத் திறந்தார்.

"அது என்ன?"

"வக்காப்பா. ராத்திரிக் கொக்கு."

"இவ்வளவு கிட்டக்கயா?"

"தலைக்கு மேல."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த தொம் வருகிற வரைக்கும் காத்திருந்தார். "அந்த ஊர்ல ஒருத்தருமே போடமாட்டாங்களா?"

"போடமாட்டாங்க."

"அப்ப இது எந்த ஊருல போடுறது?"

"தெரியலப்பா. எட்டு கிலோமீட்டர் தள்ளி."

"எங்க போட்டா என்ன," என்றார். "நம்ம ஊருச் சரக்காத்தான் இருக்கும்."